பாடவும் பிரசங்கிக்கவும் வராதவர் சபையில் என்ன ஊழியம் செய்வது?

கேள்வி கேட்ட சகோதரி வங்கியில் எழுத்தராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கணவரைப் புற்றுநோய்க்கு இழந்தவர். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். இப்போது நேரமும் இருக்கிறது, ஊழியம் செய்ய வாஞ்சையும் இருக்கிறது. ஆனால் பாட வராது, ஜெபக்கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தேவன் தனக்குக் கொடுத்த வரம் எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் எழுதிய நான்கு வரிகளிலேயே இரண்டு வரங்கள் இருக்கின்றன. அவற்றை ஏதோ முன்கதைபோலச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ஊழியம் என்றாலே மைக்குக்கு முன்னால் நடப்பது என்று நம் சபைகளில் ஆகிவிட்டது. ரோமர் 12-இல் பவுல் அடுக்கும் வரங்களில் தீர்க்கதரிசனமும் போதித்தலும் உண்டு. அதே மூச்சில் பகிர்ந்துகொடுத்தலும் இரக்கஞ்செய்தலும் உண்டு. இரக்கஞ்செய்கிறவனுக்காக யாராவது கன்வென்ஷன் பந்தல் போட்டு நான் பார்த்ததில்லை. யாத்திராகமம் 31-இல் கர்த்தர் தம்முடைய ஆவியினால் நிரப்பியதாகச் சொல்லும் பெசலெயேல் பிரசங்கியா? பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் மரமும் வேலை செய்யத் தெரிந்த கைவினைஞர்.

பெசலெயேலைச் சொன்னால் எனக்கு வேலூர் ஞாபகம் வரும். டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனார் நோயாளிகளின் புண்ணுக்கு மருந்து போடுவதைப் பார்த்து, மருத்துவமே வேண்டாம் என்று ஒதுங்கியவர். மிஷனரியாகப் போய் வீடும் பள்ளியும் கட்டலாம் என்று இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டட வேலையும் பழகினார். பிறகுதான் மனம் மாறி மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அப்படியானால் தச்சு கற்ற ஆண்டுகள் வீண்தானே என்று தோன்றும்.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, முன்கையின் நல்ல தசைநாரை எடுத்து மாற்றிவைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார். கை நிமிர்ந்தது, ஆனால் அந்தக் கைக்கு வேலை கொடுப்பார் ஊரில் யாரும் இல்லை. குணமானவர்களுக்காகத் தொடங்கிய மையத்தில் மர பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தபோதுதான் பழைய தச்சர் தேவைப்பட்டார். ஒருமுறை அவரால் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திருப்பிவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. தொழுநோய் உணர்ச்சியை அழித்திருந்ததால் அவனுக்கு வலிக்கவே இல்லை. வலி தெரியாத கையில் எந்தக் கருவியைக் கொடுப்பது, எப்படிப் பிடிக்கச் சொல்வது என்று யோசிக்க, உளி பிடித்துப் பழகிய ஒருவர் அங்கே இருந்தார்.

அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1954-இல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் இருந்தே செய்தார். பின்னர் நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைத் தொடங்கினார். 1966-இல் அதற்கென்று தனி மையமே திறக்கப்பட்டது. இனி நடக்கவே முடியாதா என்று கேட்கும் நோயாளிக்கு எதிரே மருத்துவரும் சக்கர நாற்காலியில் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த விபத்து நல்லதற்கே என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

பெரியவர்கள் கதை போதும். நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பக்க வராந்தாவில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, அவ்வளவுதான். கணவரை இழந்த ஓர் அம்மா வாரிசுச் சான்றிதழுக்காக வந்தார். அவர் கொண்டுவந்த பாஸ்புக்கைச் சும்மா புரட்டும்போது மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தது. எதற்கென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிரதம மந்திரி ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டுச் சந்தா அது. இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். அடுத்த சிக்கல் பெயர்: வங்கியில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர், ரேஷன் அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைந்ததில் சில மாதங்கள் போயின. பணம் வந்தது. அந்த 436-ஐப் பார்த்ததும் நீங்கள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஆகவே உங்கள் முதல் வரம் வங்கி அனுபவம்தான்; அதை வைத்து நீங்களும் இப்படி ஒரு மேசை போடுங்கள். வங்கியில் இருந்தவர் என்று தெரிந்ததும் சபையார் உங்களிடம் பொருளாளர் பதவியைத்தான் நீட்டுவார்கள். இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். தேர்தலும் கட்சியுமாக இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் உங்கள் சமாதானம்தான் போகும்.

இரண்டாவது வரத்தை அவசரமாகத் தொடவேண்டாம். கீமோ நாளில் எத்தனை மணிக்குப் போனால் டோக்கன் கிடைக்கும், வாய் புண்ணாகிச் சாப்பாடு இறங்காதபோது என்ன கொடுப்பது, இரவில் தூங்காத நோயாளிக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வேதாகமக் கல்லூரியில் படித்தவருக்குத் தெரியாது. தாம் பெற்ற ஆறுதலால் பிறரை ஆறுதல்படுத்துவதைப் பற்றி 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் எழுதுவதும் இதைத்தான். ஆனால் அந்த வார்டின் வாசனை இன்னும் உங்களை உலுக்குகிறது என்றால், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகட்டும். போகும்போது உங்கள் கணவரின் கதையைச் சொல்லத் தொடங்காதீர்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். எல்லாம் தேவ சித்தம் என்று படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொல்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். நீங்கள் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோங்கள்.

மேசை போட உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் அனுமதி வாங்குங்கள். அறிவிப்பு வாசிக்கும்போது இலவசம் என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கட்டணம் இருக்குமோ என்று பயந்து வரமாட்டார்கள். தெருவில் இருக்கும் மற்ற மதத்தாரும் வருவார்கள், வரட்டும். ஒரே ஒரு கண்டிப்பு: யாருடைய ஏடிஎம் அட்டையையும் கையில் வாங்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் பாஸ்புக்கை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.