திரையில் தெரியும் கடலோர ஊர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டாக் மார்ட்டின்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் முழுதாகப் பார்த்து முடித்தேன். மருத்துவர் கதையைவிட அந்த ஊர்தான் மனதில் நிற்கிறது. சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், கீழே சின்னத் துறை, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. பிறகு அந்த ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன். சுற்றுலாக் கூட்டம் பெருகி, வீட்டு விலை ஏறி, உள்ளூர்க்காரர்களால் அங்கே இருக்க முடியாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள். ஓர் ஊரை அழகாகக் காட்டியே சினிமா அழித்துவிடுகிறதா? இம்மாதிரி ஊர்களைப் படமெடுக்காமல் விடுவதுதான் நல்லதா? எனக்கும் ஒருமுறை அங்கே போய்வர ஆசை. அதைச் சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கூச்சத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் சினிமாவின் மீதான குற்றச்சாட்டு.

நீங்கள் பார்த்த ஊர் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலுள்ள போர்ட் ஐசக். 2004 முதல் 2022 வரை பத்து சீசன்கள் அங்கே எடுத்தார்கள். அவ்வளவு காலம் வீட்டுக்கூடத்தில் ஓர் ஊரைக் காட்டிக்கொண்டே இருந்தால் கூட்டம் வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் வீடுகள் கைமாறியதற்கு முதல் குற்றவாளியாகக் கேமராவை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதே கார்ன்வாலின் செயிண்ட் ஐவ்ஸுக்கு 1877இல் ரயில் வந்தது. ரயிலில் ஓவியர்கள் வந்தார்கள். மத்தி மீன் தொழில் நொடித்தபோது படகுப் பாய்களும் வலைகளும் வைக்கிற மாடிகள் ஓவியக்கூடங்களாயின. சினிமா பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கதை இது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த ஊர்களில் நாம் அழகு என்று பார்ப்பதெல்லாம் யாரும் அழகுக்காகச் செய்ததில்லை. காற்றுக்குப் பயந்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. படகை இழுத்து ஏற்றத்தான் துறையில் அந்தக் கல் சரிவு. படப்பிடிப்புக் குழு தேடிப்போவது 'மாறாத ஊரை'. ஊர் ஏன் மாறவில்லை? பெரிய படகுகள் பெரிய துறைமுகங்களுக்குப் போய்விட்டன, இடித்துக் கட்ட மிச்சமிருந்தவர்கள் கையில் காசில்லை. தொழில் படுத்துவிட்ட ஊரைத்தான் கேமரா பழமை மாறாத ஊர் என்று காட்டுகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள டன்க்வின். ஐரிஷ் பேசுகிற சின்ன ஊர். எதிரே கடலில் கிரேட் பிளாஸ்கெட் தீவு. அங்கே மிஞ்சியிருந்த கொஞ்சம் பேரையும் 1953இல் அரசு கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. தீவு காலி. அதற்குக் கேமரா காரணமில்லை. பிழைப்பும் வைத்தியமும் இல்லாததுதான் காரணம். 1969இல் இயக்குநர் டேவிட் லீன் 'ரயான்ஸ் டாட்டர்' படத்தை எடுக்க வந்தார். டன்க்வினுக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் கல்லாலேயே ஒரு முழுக் கிராமத்தைக் கட்டினார்கள். தெரு, மதுக்கடை எல்லாம் உண்டு. கடலோரமாகத் தனியே ஒரு பள்ளிக்கூடமும் எழுந்தது. சுற்றுவட்டார மக்களுக்குக் கட்டுமான வேலையும், படத்தில் கூட்டத்தோடு நிற்கிற வேலையும் கிடைத்தன. பையன்கள் ஊரைவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய பணம். படம் 1970இல் வெளிவந்தது. அதே 1970இல் அரசு டன்க்வினின் நிஜப் பள்ளிக்கூடத்தை மூடியது. பிள்ளைகள் குறைவு என்று காரணம். ஊர்க்காரர்கள் விடவில்லை. தாங்களே பள்ளியை நடத்திப் போராடி, 1973இல் திரும்பத் திறக்க வைத்தார்கள். மலைமேல் கட்டிய கிராமம் படப்பிடிப்போடு இடிக்கப்பட்டது.

அந்த ஊரைக் காப்பாற்றியதோ கெடுத்ததோ சினிமா இல்லை என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பிள்ளைகளும், அதற்காக மல்லுக்கு நிற்கப் பெற்றோரும் அங்கேயே குடியிருந்தார்கள். அதுதான் காப்பாற்றியது.

ஓர் ஊரின் தனித்தன்மை அழிவது என்றால் பலரும் பழைய பாட்டு, பேச்சு வழக்கு, மீன்சந்தை என்று அடுக்குவார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. போர்ட் ஐசக்கில் உயிர்காப்புப் படகு நிலையம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் இந்தப் படகுகளில் போகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கடலில் யாரோ தத்தளிக்கிறார்கள் என்று பேஜர் அலறினால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுச் சில நிமிடங்களில் துறைக்கு ஓடிவர வேண்டும். ஆகவே, ஓடிவரும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். துறையை ஒட்டிய வீடுகளெல்லாம் கோடைக்கு மட்டும் திறக்கிற வீடுகளானால் ஜனவரி மாத இரவில் யார் ஓடிவருவது?

வீடுகள் போகிற வழியும் சத்தமில்லாத வழிதான். கோடையில் வாரவாடகைக்கு விட்டால் உள்ளூர் மாதவாடகையைப் போல் பல மடங்கு வரும். எனவே உணவகத்தில் பரிமாறுகிற பெண்ணுக்குக் குளிர்காலத்துக்கு மட்டும் வீடு கொடுப்பார்கள். ஈஸ்டர் வந்தால் காலிசெய்யச் சொல்வார்கள். அவளைக் காலிசெய்ய வைத்த விருந்தாளிகளுக்கே அவள் மறுநாள் காலை தட்டு வைக்க வேண்டும். யாரையும் வில்லனாக்க முடியாது, அதுதான் சிக்கல். வீட்டுக்காரரும் உள்ளூர்க்காரராகவே இருக்கலாம்.

செயிண்ட் ஐவ்ஸ் 2016இல் வாக்கெடுப்பு நடத்தியது. புதிதாகக் கட்டும் வீட்டில் ஆள் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும், ஓய்வு வீடாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். நல்ல முடிவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பணக்காரர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பினார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் பின்வாங்கினார்கள். 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இரண்டாவது வீட்டுக்கு இரு மடங்கு வரி போடலாம். கார்ன்வாலும் போட்டிருக்கிறது. பலன் தெரியக் கொஞ்ச காலம் ஆகும்.

சரி, படமே எடுக்காமல் விடலாமா? விட்டாலும் நாம் சும்மா இருக்க மாட்டோம். 1983இல் வந்த 'லோக்கல் ஹீரோ' படத்தின் ஊர் உலகத்தில் எங்கும் இல்லை. வீடுகள் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பக்கம் பெனன் என்ற ஊரில், மணல்வெளி மேற்குக் கரையில். அதில் வரும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் செட் சாமான்தான். அதைத் தேடி ஜனங்கள் வரவர, பக்கத்திலிருந்த நிஜக் கூண்டை 1989இல் பாதுகாக்கப்பட்ட கட்டுமானமாகவே அறிவித்துவிட்டார்கள்!

படம் எடுக்கட்டும். ஆனால் 'பெய்ட்' மாதிரி எடுக்கட்டும். மார்க் ஜென்கின் 2019இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அவர் கார்ன்வால்காரர். படகில்லாத மீனவன் மார்ட்டின் கரையிலேயே வலை கட்டிச் சில மீன்களைப் பிடித்து விற்கிறான். அவன் சகோதரனோ அப்பாவின் படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டுகிறான். அவர்கள் வளர்ந்த வீட்டை வெளியூர்க் குடும்பம் வாங்கியிருக்கிறது. மீனவன் விற்க நேர்ந்த அந்த வீட்டுக்குள் கயிறும் மீன்பிடிச் சாமானும் அலங்காரத்துக்குத் தொங்குகின்றன. அந்தக் கயிற்றை மார்ட்டின் பார்க்கிற பார்வைக்கே படத்தைப் பார்க்கலாம். படம் முழுக்கக் கடல் இருக்கிறது, ஆனால் அஞ்சலட்டை போல ஒரு காட்சிகூடக் கிடையாது.

இனி உங்கள் பயணம். தாராளமாகப் போய்வாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆகஸ்டில் மட்டும் வேண்டாம், காரை வைக்கக்கூட இடம் கிடைக்காது. அக்டோபரில் போனால் கடை வைத்திருப்பவர் உங்களோடு நின்று பேசுவார். முழு வீட்டை வாரத்துக்கு எடுக்காமல், வீட்டுக்காரர் குடியிருந்துகொண்டே ஓர் அறையை வாடகைக்கு விடும் இடமாகப் பாருங்கள். போர்ட் ஐசக்கில் இன்னும் நண்டும் சிங்கி இறாலும் பிடித்துவருகிறார்கள், அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள். கிளம்புவதற்கு முன் 'பெய்ட்' பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.