கோஸ்டாரிகா, நிகரகுவா: உங்கள் கட்டுரைச் சிக்கல்

மத்திய அமெரிக்காவில் அடுத்தடுத்த நாடுகள், ஒரே மொழி, இரண்டையும் ஆண்டது ஸ்பெயின், இரண்டிலும் காப்பி விவசாயம். அப்புறம் ஏன் கோஸ்டாரிகாவில் மட்டும் ஜனநாயகம் நிலைத்தது, கட்டுரை இங்கேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பண்பாட்டில் காரணம் தேடாதீர்கள். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று பாருங்கள்.

நிகரகுவாவிலிருந்து 1933இல் கிளம்பிய அமெரிக்கப் படை, தான் உருவாக்கிய தேசியக் காவல்படையை விட்டுச் சென்றது. அதன் தலைவர் சொமோசா 1937இல் அதிபரானார். குடும்பத்தின் பிடி 1979 வரை தளரவில்லை.

கோஸ்டாரிகா எப்போதும் அமைதிப் பூங்கா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பலர் செய்யும் தவறு அது. 1948இல் தேர்தல் தகராறு உள்நாட்டுப் போராகவே வெடித்தது. ஆனால் போரில் வென்ற கிளர்ச்சித் தலைவர் ஃபிகேரஸ் அதே ஆண்டு ராணுவத்தையே கலைத்தார். 1949இல், அந்தத் தேர்தலில் வென்றதாக அறிவிக்கப்பட்டிருந்த உலாத்தேயிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகினார். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தேர்தலுக்கென்று தனித் தீர்ப்பாயமும் அதே ஆண்டின் அரசியலமைப்பில் வந்தது. 1953இல் ஃபிகேரஸ் வாக்கு வாங்கித்தான் ஆட்சிக்குத் திரும்பி வந்தார்.

சரி, ராணுவம் இல்லாவிட்டால் போதுமா என்று கேட்பார்கள். ஹைட்டியும் 1995இல் கலைத்தது, நிலைமை தேறவில்லை. அதையும் ஒரு பத்தியில் சேர்த்துவிடுங்கள்.