பாப்பாவுக்கு எத்தனை மார்க்?

போன இதழில் பெங்களூரில் குழந்தை வளர்ச்சி ஆய்வு செய்யும் பல்கலைக்கழக லேப்களைப் பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதிப் பெற்றோர் ஏதோ ஒரு லேபுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வந்திருப்பார்கள் போலிருக்கிறது, மீதிப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். நானும் அப்படி ஒரு லேபில் பெற்றோருக்கு போன் செய்வதிலிருந்து வீடியோவை எண்ணிப் பார்ப்பதுவரை எல்லாம் செய்கிறவள்தான். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

எட்டு மாதப் பையனை லேபுக்கு அழைத்துப் போனோம். திரையில் ஏதோ படம் காட்டினார்கள், பாதியில் அலற ஆரம்பித்துவிட்டான். "பரவாயில்லைங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ரிசல்ட் கேட்டால், தனித்தனியாக ரிசல்ட் கிடையாது என்கிறார்கள். அவன் ஃபெயிலா? (அல்சூர் வாசகி)

ஃபெயில் ஆக அங்கே பரீட்சையே நடக்கவில்லை. பேசத் தெரியாத குழந்தையிடம் என்ன கேட்க முடியும்? எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று மட்டும்தான் பார்க்க முடியும். 1961 வாக்கில் ராபர்ட் ஃபான்ஸ் என்ற அமெரிக்கர் குழந்தையைப் படுக்க வைத்து, மேலே இரண்டு படங்களை மாட்டி, ஒரு ஓட்டை வழியாகக் கண்ணைப் பார்த்து நேரம் குறித்தார். இன்றைக்கு ஓட்டைக்குப் பதில் கேமரா வந்திருக்கிறது, அடிப்படை அதேதான். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தைக்கு அலுக்கும். பார்க்கும் நேரம் முதலில் இருந்ததில் பாதியாகக் குறைந்ததும் வேறு ஒன்றைக் காட்டுவார்கள். மறுபடி உற்றுப் பார்த்தால், வித்தியாசம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

1992இல் உளவியலாளர் கேரன் வின் ஐந்து மாதக் குழந்தைகளிடம் செய்தது இதன் நீட்சி. ஒரு பொம்மை மேடையில் இருக்கிறது, அதைத் திரை மறைக்கிறது, குழந்தை பார்க்கப் பார்க்க ஒரு கை இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைக்கிறது. திரையை இறக்கினால் ஒரே ஒரு பொம்மைதான் நிற்கிறது. குழந்தைகள் இரண்டு பொம்மை நின்றபோது பார்த்ததைவிட இதை அதிக நேரம் பார்த்தார்கள். எண்ணிக்கை இடிக்கிறதே என்று வியந்தார்கள் என்பது அவர் சொன்ன அர்த்தம்.

ஆனால் இது எல்லாம் சராசரிக் கணக்கு. ஒரு குழந்தை ரெண்டு விநாடி கூடப் பார்த்தது, இன்னொன்று குறைவாகப் பார்த்தது என்பதை வைத்து அந்தக் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பசி, தூக்கம், மேலே சுற்றும் ஃபேன், லேப் அக்கா போட்டிருந்த பளபள கம்மல் எல்லாமே கணக்கைக் கெடுக்கும். அதனால்தான் ரிசல்ட் தரவில்லை, மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அழுத குழந்தைகள் எத்தனை என்று கட்டுரையில் ஒரு வரி எழுதுவார்கள். உங்கள் பையனும் அந்த வரியில் இருப்பான்.

என் நாலரை வயது மகள் முன்னால் ஒரு சாக்லேட்டை வைத்து, நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் ரெண்டு தருவேன் என்றாராம் லேப் மேடம். கதவு சாத்துவதற்குள் இவள் வாயில் போட்டுவிட்டாள். பொறுமையாக இருக்கிற குழந்தைதான் பின்னாளில் முன்னுக்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் படித்திருக்கிறேன். கவலையாக இருக்கிறது. (ஜயநகர் அப்பா)

வாட்ஸ்அப் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டது சார். உளவியலாளர் வால்டர் மிஷல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில் இதை ஆரம்பித்தார். அங்கே படித்த பிள்ளைகளில் நிறையப் பேர் பல்கலைக்கழகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள் என்று வந்த முடிவுதான் உலகம் முழுக்கப் பரவியது. 2018இல் 900க்கும் மேற்பட்ட, பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது, குடும்பச் சூழலையும் சின்ன வயதுத் திறன்களையும் கணக்கில் எடுத்ததும் அதுவும் பெரும்பாலும் கரைந்துபோனது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2013இல் வெளிவந்த, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு. முதலில் ஒரு பெரியவர் குழந்தையிடம், "இரு, நல்ல கலர் பென்சில் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். சில குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார், சிலருக்கு வெறுங்கையோடு வந்து சாரி சொன்னார். அப்புறம்தான் மிட்டாய்ச் சோதனை. வாக்கைக் காப்பாற்றியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். 28 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு, ஆனாலும் யோசிக்க வைக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த மேடத்தை அன்றைக்குத்தான் தெரியும், கையில் இருப்பதைச் சாப்பிட்டது அப்படி ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. (வீட்டில் "ஞாயித்துக்கிழமை லால்பாக் போகலாம்" என்று சொல்லி எத்தனை ஞாயிறு தள்ளிப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.)

வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், கிரீச்சில் இங்கிலீஷ், வேலைக்கு வரும் பெண் இந்தி. பேத்திக்கு ஒன்பது மாதம். எந்த மொழியை எத்தனை மணி நேரம் கேட்கிறாள் என்று லேபில் ஒரு பெரிய படிவம் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். இத்தனை மொழி காதில் விழுந்தால் குழம்பிப் போகமாட்டாளா? மருமகள் இங்கிலீஷ் மட்டும் போதும் என்கிறாள். (காக்ஸ் டவுன் பாட்டி)

குழம்பமாட்டாள் பாட்டி. ரெண்டு மொழி வீட்டில் வளரும் குழந்தைகள் ஒவ்வொரு மொழியிலும் தனியாக எண்ணினால் கொஞ்சம் குறைவான சொற்களோடு இருக்கலாம், ரெண்டையும் சேர்த்து எண்ணினால் பின்தங்குவதில்லை. அந்தப் படிவம் ரொம்ப அலுப்பானதுதான், நான் கேட்டு நிரப்பும்போதே கொட்டாவி விடுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது இல்லாமல் பெங்களூரில் இந்த ஆய்வே செய்ய முடியாது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் "ஒரு மொழிக் குழந்தை" என்று ஒரு பிரிவு இருக்கும், அப்படி ஒரு குழந்தையைச் சிவாஜி நகரிலோ ஸ்ரீராம்புரத்திலோ தேடிப் பிடித்துக் கொடுங்கள் பார்க்கலாம்.

ஒன்பது மாதம் என்றதும் நினைவுக்கு வருவது ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியில் உள்ள த, ட இரண்டையும் இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு பொம்மை வெளிச்சத்தோடு ஆடும். ஆறு முதல் எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் சரியாகத் திரும்பினார்கள், பத்து பன்னிரண்டு மாதத்தில் வெகுசிலரே. அந்த வீட்டில் யாரும் அந்த வித்தியாசத்தைப் பேசுவதில்லை, காதும் அதை விட்டுவிடுகிறது. இந்தி வீட்டுக் குழந்தைகளுக்கு அது போகவில்லை.

இன்னொன்று. 2003இல் பாட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடிய 12 அமர்வுகளில் குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆளை, அதே பேச்சை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. ஆகவே மருமகளிடம் சண்டை வேண்டாம், அவர் இங்கிலீஷ் பேசட்டும், நீங்கள் மடியில் வைத்துத் தமிழ் பேசுங்கள். பேத்தியிடம் பேசுகிற வேலையைப் போனிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லேபில் எடுக்கிற வீடியோ எங்கே போகும்? (பானஸ்வாடி வாசகர்)

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, நல்லது. பெயருக்குப் பதில் எண் போட்டுத்தான் சேமிப்பார்கள். கருத்தரங்கில் காட்டுவதற்குத் தனி அனுமதி, வேறு ஆய்வாளருக்குக் கொடுக்கத் தனி அனுமதி என்று படிவத்தில் பிரித்துக் கேட்க வேண்டும். மொத்தமாக ஒரே கையெழுத்து கேட்டால் ஏன் என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி ஏழு வயதுக்கு மேல் குழந்தையிடமும் வாய்மொழியாகச் சம்மதம் வாங்க வேண்டும், 12க்கு மேல் எழுத்திலும். உங்களுக்குப் புரிகிற மொழியில் படிவம் இருக்க வேண்டும் என்பதும் விதி. இங்கே ஒரு சிக்கல் உண்டு: வீட்டில் சுத்தமாகத் தமிழ் பேசுகிற அம்மா கன்னட மீடியத்தில் படித்திருப்பார், தமிழ்ப் படிவத்தை நீட்டினால் சங்கடமாகப் பார்ப்பார். கன்னடப் படிவத்தைக் கொடுத்து, தமிழில் பேசி விளக்குவதுதான் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

எம்எஸ்சி சைக்காலஜி முடித்து ஒரு லேபில் ஆர்ஏவாக (ஆய்வு உதவியாளராக) இருக்கிறேன். "பொம்மை ஆட்டிக் காட்டுறதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று அம்மா கேட்கிறார். எனக்கே சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. (கே.ஆர்.புரம் வாசகி)

பொம்மை ஆட்டுவது வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள் தங்கச்சி. மீதியெல்லாம் போன், எக்செல், வீடியோ. முப்பது தாய்மாருக்கு போன் செய்தால் சிலர்தான் வருகிறேன் என்பார்கள், அதிலும் மழை பெய்தால் போச்சு. கோடிங் என்றால் அம்மா கம்ப்யூட்டர் புரோகிராம் என்று நினைத்துக்கொள்வார் (நினைக்கட்டும், கல்யாணப் பேச்சுக்கு உதவும்). உண்மையில் சத்தத்தை அணைத்துவிட்டு, எந்தக் குழந்தைக்கு எதைக் காட்டினார்கள் என்று தெரியாமல், கண் எந்தப் பக்கம் என்று ஃப்ரேம் ஃப்ரேமாகக் குறிப்பது. விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு நிமிட வீடியோவில் 1800. அதே வீடியோவை இன்னொருவரும் குறித்து, ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று கப்பா என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதும், ஹெட்போனில் பாட்டுக் கேட்கச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்: பெரியவர்கள் தங்களுக்குத் தெரியாமலே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

வருமானத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது, அடுத்த கிராண்ட் (ஆய்வு நிதி) வரும்வரை காற்று வாங்க வேண்டியதுதான். பிஹெச்டி எண்ணம் இருந்தால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2024இலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்துப் பிஹெச்டி சேர்க்கையும் நடக்கிறது. குழந்தைகளோடு நேரடியாகச் சிகிச்சை வேலை செய்ய ஆசை என்றால் அது வேறு ரூட், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு வேண்டும், லேபில் எத்தனை வருடம் இருந்தாலும் அது வராது. இதை முதல் வருடத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நானும் ஆர்ஏதான். கணக்குப் போட்ட பிறகு, "இந்த மூணு குழந்தை ரொம்ப சிணுங்குச்சு, எடுத்துடலாம்" என்கிறார் சீனியர். அவற்றை எடுத்தால் முடிவு அழகாக வருகிறது. என்ன செய்வது? (ஊர் வேண்டாம்)

எடுக்காதீர்கள். எவ்வளவு சிணுங்கினால் நீக்குவது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும், முடிவைப் பார்த்த பிறகு இல்லை. குழந்தை ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு 16, 24 குழந்தைகள் என்பதே வழக்கமாக இருந்தது, அதில் மூன்றை எடுத்தால் எந்தப் பக்கமும் சாய்த்துவிடலாம். இந்தப் பலவீனத்துக்காகத்தான் மெனிபேபிஸ் என்று பல நாட்டு லேப்கள் சேர்ந்தன. பெரியவர்கள் குழந்தையிடம் இழுத்து இழுத்துக் கொஞ்சிப் பேசுவதைக் குழந்தைகள் விரும்பிக் கேட்கிறார்களா என்ற ஒரே கேள்விக்கு 67 லேப்களில் 2329 குழந்தைகள், முடிவு 2020இல் வந்தது. விரும்புகிறார்கள்தான், ஆனால் அந்த விருப்பம் பழைய சின்ன ஆய்வுகள் காட்டிய அளவுக்கு இல்லை.

முதலில் சீனியரிடம், "நீக்குகிற விதியை எங்கே எழுதினோம்?" என்று மெயிலில் கேளுங்கள், நேரில் வேண்டாம். விதி இருந்தால் அதை எல்லாக் குழந்தைகளுக்கும், எந்தக் குழு என்று தெரியாத ஒருவரை வைத்துப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூன்று பேரோடும் ஒரு முடிவு, இல்லாமல் ஒரு முடிவு, ரெண்டையும் கட்டுரையில் போடுவதுதான் வழி. சீனியர் மறுத்தால் பேராசிரியர், அவரும் மறுத்தால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு. பயமாக இருக்கும், தெரியும். ஹார்வர்டில் குரங்குகளின் அறிவை ஆராய்ந்த மார்க் ஹௌசர் பெரிய பெயர். அவர் வீடியோவில் குறித்ததும் தாங்கள் குறித்ததும் ஒத்துப்போகவில்லை என்று கவனித்துக் கிளப்பியவர்கள் லேபில் இருந்த இளையவர்கள்தான். 2010இல் எட்டு முறைகேடுகள் நடந்திருப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது, அடுத்த வருடம் அவர் விலகினார். நீங்கள் குறித்த கோடிங் ஃபைல்களைத் தேதியோடு அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒன்றரை வயதாகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. லேபில் காட்டினால் ஆட்டிசமா என்று சொல்வார்களா? (மர்ஃபி டவுன் அம்மா)

சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அங்கே இருப்பவர்கள் ஆய்வாளர்கள். லேபிலிருந்து தேதி வரும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். 16 முதல் 30 மாதத்துக்குள் எம்-சாட் என்ற கேள்விப் பட்டியலை வைத்து முதல்கட்டமாகப் பார்க்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்று தனித் துறை இருக்கிறது. அரசு மருத்துவமனை வழியாகப் போவதென்றால் குழந்தைகளுக்கான அரசு சுகாதாரத் திட்டமான ஆர்பிஎஸ்கேயின் ஆரம்பகாலத் தலையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், செலவு இல்லை. பயந்துபோய் யூடியூப் பார்க்க வேண்டாம்.

ஆட்டோ காசு தருவார்களா? (பெயர் இல்லை)

பெரும்பாலான லேப்கள் தரும். போனிலேயே கேட்டுவிடுங்கள். அதற்கு மேல் பெரிய தொகை தரமாட்டார்கள், காசுக்காகக் குழந்தையைக் கொண்டு வரக்கூடாது என்பதற்காக நெறிமுறைக் குழுவே அதைத் தடுக்கும். தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு வருகிற மாதிரி நேரம் கேளுங்கள். சில்க் போர்டு வழியாக வருகிறவர்கள், குழந்தை ஆட்டோவிலேயே தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம், நாங்கள் காத்திருப்போம்.