பழைய காருக்குப் புது இக்னிஷன்: பிளக் கேப் எவ்வளவு வைக்கலாம்?

எங்கள் ஐயா வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர். பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டோம். இனி பிளக் கேப்பை, அதாவது பிளக் முனையில் பொறி தாண்டும் இடைவெளியை, தாராளமாக அகட்டலாம் என்கிறார்களே? (கானாடுகாத்தான்)

காயிலையும் மாற்றினீர்களா? அதைச் சொல்லவில்லையே. மாட்யூல் பார்ப்பது பாயிண்ட் பார்த்த வேலையைத்தான்: காயிலுக்குப் போகும் கரண்டை நேரம் பார்த்து வெட்டுவது. பொறிக்கான வோல்ட்டேஜ் பிறப்பது காயிலில். பழைய காயிலே இருந்தால், 1489 சிசி இன்ஜினுக்கு உரிய 0.025 அங்குலத்திலேயே, அதாவது 0.63 மி.மீ.யிலேயே விட்டுவிடுங்கள்.

கேப் கூடக்கூட, பொறி தாண்ட வோல்ட்டேஜும் கூடுதலாக வேண்டும். ஐடிலில் வண்டி சமர்த்தாக நிற்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திருமயம் ரோட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அப்போதுதான் மிஸ்ஸிங் (பொறி தவறி இன்ஜின் விக்குவது) தலைகாட்டும். பிளக்கில் தாண்ட முடியாத கரண்ட் சும்மா இருக்காது. பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார், அதன் மூடியில் உள்ள கீறல், வெடித்த பிளக் ஒயர் என எங்கே பலவீனமோ அங்கே இறங்கும். சந்தேகமிருந்தால் இரவில் ஷெட் விளக்கை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். கசிவு இருந்தால் ஒயர் மேல் நீலமாக நெளிவது தெரியும். கையை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பவர் கூடிய காயில் போட்டிருந்தால் முதலில் 0.75 மி.மீ. வையுங்கள். ஆள் ஏற்றி ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் 0.9 வரை போகலாம். அதற்கு மேல் இந்த இன்ஜினுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று: கரண்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய 1.5 ஓம் காயிலை அது இல்லாமல் மாட்டினால் காயிலும் சூடாகும், மாட்யூலும் போகும். பழைய காயில்கள் சுமார் 3 ஓம் இருக்கும். மாட்யூலோடு வரும் தாளில் எத்தனை ஓம் என்று பார்த்து வாங்குங்கள்.

மெக்கானிக் ஆக்ஸா பிளேடை நுழைத்து கேப் பார்க்கிறார். சரியா? (காரைக்குடி)

சிரிக்காதீர்கள், அந்த பிளேடின் முதுகுக் கனம் கிட்டத்தட்ட 0.63 மி.மீ.தான்! பாயிண்ட் காலத்துக்கு அது ஓடியது. 0.75, 0.9 என்று வைக்க அது உதவாது. தேய்ந்த பிளக்கில் தட்டையான ஃபீலர் கேஜும் (கேப் அளக்கும் தகடு) ஏமாற்றும். குழி விழுந்த இடத்தில் உண்மையான கேப் கூடுதலாக இருக்கும். கம்பி கேஜ் வாங்குங்கள். வளைக்க வேண்டியது ஓரத்துக் கொம்பை மட்டும். நடுக்கம்பியில் நெம்பினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

புது பிளக்கை அப்படியே பியட்டில் மாட்டலாமா? (தேவகோட்டை)

அளந்து மாட்டுங்கள். கடையிலிருந்து வருவது பல வண்டிகளுக்குப் பொது. பாயிண்டோடு ஓடும் பியட்டுக்கு 0.6 போதும்.

மாரிஸ் மைனர். மாட்யூல் மாட்டிய அன்றே போய்விட்டது. கேப் காரணமா? (பள்ளத்தூர்)

கேப்பை விடுங்கள். பாட்டரியில் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள். மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் கொடுத்தால் போய்விடும். பாசிட்டிவ் எர்த்துக்கென்றே மாட்யூல் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். எர்த்தையே மாற்றிக்கொள்வதென்றால் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மறந்தால் வண்டி ஓடும், ஆனால் பொறி தலைகீழாகப் பாயும். அதற்குக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவை, 0.63 கேப்பிலேயே மிஸ்ஸிங் வரும்.