சர்வே லிங்க்குக்கு மேலே என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 240 வீடுகள். அசோசியேஷன் சார்பில் ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்து, "தண்ணீர்ப் பிரச்சினையால் அவதிப்படுகிறீர்களா? உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள்!" என்று எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். 58 வீடுகளிலிருந்து பதில் வந்தது. ஏறக்குறைய எல்லோருமே லாரித் தண்ணீர் மோசம் என்கிறார்கள். "குறை சொல்கிறவர்கள் மட்டும்தான் நிரப்பியிருக்கிறார்கள்" என்று கமிட்டியில் ஒதுக்கிவிட்டார்கள். அழைப்பை வேறு மாதிரி எழுதியிருந்தால் நிலைமை மாறியிருக்குமா?

பதில்: மாறியிருக்கும். கமிட்டி சொல்வதில் நியாயம் உண்டு. அதற்காக அந்த 58 வீடுகளின் கஷ்டம் பொய்யாகிவிடாது. அதை 240 வீடுகளின் நிலவரமாகக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டுக்காரராக உங்கள் அழைப்பைப் படித்துப் பாருங்கள். "அவதிப்படுகிறீர்களா?" இல்லை. அத்தோடு அடுத்த மெசேஜுக்குப் போய்விடுவார். ஃபார்முக்குள் 'நன்றாக வருகிறது' என்று ஒரு கட்டம் வைத்திருப்பீர்கள். அதை டிக் செய்ய வேண்டியவர் லிங்க்கைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வியை அழைப்பிலேயே கேட்டு, 'இல்லை' என்றவர்களை அங்கேயே அனுப்பிவிட்டீர்கள்.

இது சர்வே ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த விஷயம். பின்னாளில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இயக்குநரான ராபர்ட் குரோவ்ஸும் அவருடைய சகாக்களும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள், புதிதாகக் குழந்தை பெற்றவர்கள், முதியவர்கள் எனத் தனித்தனிப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு, கல்வி, குழந்தை வளர்ப்பு, மருத்துவக் காப்பீடு என்று வெவ்வேறு தலைப்புகளைச் சொல்லி அழைத்தார்கள். தன்னோடு சம்பந்தப்பட்ட தலைப்பு என்றதும் பதில் சொல்ல ஒத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை கூடியது. ஒருவரைத் தலைப்பு இழுக்கும், இன்னொருவரைப் பரிசு இழுக்கும், வேறொருவருக்கு யார் கேட்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அழைப்பில் எதை முன்னால் வைக்கிறோமோ, அதற்கு மசிகிறவர்களே அதிகம் வருவார்கள் என்பது குரோவ்ஸ் தரப்பின் விளக்கம்.

நிறையப் பேர் நிரப்பினால் இது சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிப் பட்டியலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது உண்மை. ஆனால் சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்களில் ரூஸ்வெல்ட் ஆதரவாளர்களே அதிகம் என்பது பின்னால் தெரியவந்தது.

சரி, தண்ணீர் பற்றிய சர்வே என்பதை மறைத்துவிடலாமா? கூடாது. 'பொதுக் கருத்து' என்று அழைத்து உள்ளே தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டால் அடுத்த முறை யாரும் திறக்க மாட்டார்கள். நான் இப்படி எழுதுவேன்:

"தண்ணீர் லாரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் எல்லா வீடுகளின் நிலவரமும் தெரிய வேண்டும். உங்களுக்குத் தண்ணீர் நன்றாக வருகிறது என்றால் அதையும் அவசியம் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்களே, நீங்களும் நிரப்புங்கள். 6 கேள்விகள், மூன்று நிமிடம். உங்கள் வீட்டு எண்ணை, பதில்களைக் கணக்கெடுக்கும் இருவர் மட்டுமே பார்ப்பார்கள். ஞாயிறு இரவு வரை நிரப்பலாம்."

இதில் என்னைக் கேட்டால் மூன்றாவது வரிதான் முக்கியம். பல இடங்களில் குரூப்பில் இருப்பது ஓனர். காலையில் குழாயைத் திறக்கிறவர் வாடகைக்காரர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் 'இது நமக்கில்லை' என்று விட்டுவிடுவார். குரூப்பிலேயே இல்லாதவர்களுக்காக லிஃப்ட் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள்.

நேரத்தைக் குறைத்துச் சொல்லி ஏமாற்ற வேண்டாம். அதிக நேரம் என்றால் தொடங்குகிறவர்கள் குறைவார்கள் என்பது உண்மைதான். அதற்கு வழி கேள்விகளைக் குறைப்பது. ரகசியம் பற்றியும் ஒரு வரி போதும். சாதாரண விஷயத்துக்கு நீளமான உறுதிமொழி கொடுத்தால், ஏதோ வில்லங்கமாகக் கேட்கப் போகிறார்கள் என்று மக்கள் தயங்குவதை எலினார் சிங்கர் போன்ற சர்வே ஆய்வாளர்களின் ஆய்வுகள் காட்டின. அப்புறம், செக்ரட்டரிக்கும் ஒரு பிளாக்குக்கும் சண்டை என்றால் அழைப்பு அவர் பெயரில் போகக் கூடாது.

நினைவூட்டும்போது அதே மெசேஜை மறுபடி போடாதீர்கள். முதல் அழைப்புக்கு அசையாத ஒருவரை அதே வாசகம் இரண்டாம் முறையும் அசைக்காமல் போகலாம். இந்த முறை செலவை முன்னால் வையுங்கள்: "லாரிக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை உங்கள் பதிலை வைத்து முடிவு செய்கிறோம்." தண்ணீர்க் கஷ்டம் இல்லாதவருக்கும் மெயின்டனன்ஸ் கட்டணத்தில் அக்கறை உண்டு.

இவ்வளவு செய்தும் பலர் நிரப்ப மாட்டார்கள். அதற்கு 1946-இல் ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் சொன்ன வழி இன்றும் உதவும்: பதில் தராதவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, நேரில் போய்க் கேளுங்கள். பதில் வராத வீட்டு எண்களைச் சீட்டெழுதி, இருபது சீட்டு எடுத்து, மாலையில் அந்தக் கதவுகளைத் தட்டுங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்காமல் இன்னொரு நாள் திரும்பப் போங்கள். அந்த இருபது வீடுகளின் பதிலை ஃபார்மில் வந்ததோடு கலக்காமல், தனி வரியாகக் கமிட்டி முன் வையுங்கள்.