பொறியாளர் சங்கங்கள் தரும் ‘ஃபெல்லோ’ தகுதி பணம் கட்டினால் கிடைத்துவிடுமா? அதற்கு உண்மையில் மதிப்பு உண்டா?

தர்மபுரியில் மூன்றாம் ஆண்டு இ.இ.இ. படிப்பவர் கேட்டிருக்கிறார். தன் பேராசிரியர் பெயருக்குப் பின்னால் எஃப்.ஐ.இ. என்று இருப்பதைப் பார்த்தாராம். “அதெல்லாம் காசு கட்டினா வர்றதுதான்” என்று நண்பர்கள் சொன்னார்களாம். நான் ஓசூரில் 17 வருடமாக மின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சீனியர் ஒருவருக்கு இந்தத் தகுதிக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவள் என்பதால் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகையையும் ஃபெல்லோஷிப் என்றுதான் சொல்கிறோம். சங்கங்கள் தருவது அது இல்லை. இதில் பணம் வராது. இது உறுப்பினர் படிகளில் மேல் படி. நம் நாட்டில் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1920ல் சென்னையில் பதிவான சங்கம். 1935ல் அதற்கு ராயல் சார்ட்டர், அதாவது பிரிட்டிஷ் மன்னரின் அங்கீகாரப் பட்டயம், கிடைத்தது. தலைமையகம் இப்போது கொல்கத்தாவில். அதில் அசோசியேட் மெம்பர், மெம்பர், ஃபெல்லோ என்று படிகள் உண்டு. பெயருக்குப் பின்னால் வரும் ஏ.எம்.ஐ.இ., எம்.ஐ.இ., எஃப்.ஐ.இ. எல்லாம் அவைதான்.

எஃப்.ஐ.இ.க்கு நாமே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் உண்டு. அதனால்தான் உங்கள் நண்பர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பல வருட அனுபவமும், பொறுப்பான பதவியில் இருந்து செய்த வேலையும் காட்டாமல் அது கிடைக்காது. கட்டணம் இருப்பதாலேயே அது விலைக்கு வாங்கியது ஆகிவிடாது. பரீட்சைக்கும்தான் ஃபீஸ் கட்டுகிறோம்.

எங்கள் சீனியர் பாலக்கோடு பக்கத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படித்துத்தான், இதே சங்கம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வின் ஏ பிரிவையும் பி பிரிவையும் எழுதித் தேறினார். அது அந்தக் காலத்துப் பாதை. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தத் தேர்வு டிகிரிக்குச் சமம் என்று அரசு சொல்லியிருக்கிறது. டிப்ளமோ முடித்த தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், சேரும் முன் அதை நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வார்ப்படச் சாலைகளில் இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் ‘காயில்’ (கம்பிச் சுருள் மாதிரி சுற்றியது) ஒரு தாமிரக் குழாய்தான். உள்ளே குளிர்விக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும், ஆனால் உள்ளே 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிக் கிடக்கும் இரும்பின் சூடு நிற்காது. அந்தக் குழாய் ஓட்டையாகி தண்ணீர் உருகிய இரும்புக்கு அடியில் போய்விட்டால் நீராவியாகி வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். 2012 வாக்கில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, ஞாபகம் இருக்கும். ஜெனரேட்டர் எழுந்து பம்ப் ஓடும் வரைக்குமான அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்தான நேரம். அதற்கு அவர் செய்த ஏற்பாடு இதுதான்: மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, கரண்ட் இல்லாவிட்டால் தானாகத் திறந்துகொள்ளும் ஒரு வால்வு, ஜெனரேட்டரில் எந்த லோடு முதலில் வரவேண்டும் என்ற ஒரு வரிசை. இதை எங்கள் இடத்தில் வைத்ததோடு அவர் நிற்கவில்லை. சுற்றியிருந்த சின்ன வார்ப்படச் சாலைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சொல்லிக் கொடுத்தார். தொட்டி வைப்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் குழாய் அளவையும் தொட்டியின் உயரத்தையும் கணக்குப் போட்டு, கரண்ட்டை வேண்டுமென்றே நிறுத்தி, தண்ணீர் வருகிறதா என்று நின்று பார்த்தவர் அவர். அதைத்தான் நான் பொறியியல் என்பேன்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், “சார், ஃபெல்லோவுக்குப் போடுங்க” என்றேன். “அதுக்கெல்லாம் நான் என்னம்மா பண்ணிட்டேன்” என்றார். விண்ணப்பத்தில் ‘தாங்கள் வகித்த பொறுப்பு’ என்ற இடத்தில் இரண்டே வரி எழுதியிருந்தார். எதைக் கேட்டாலும் “நாங்க பண்ணினோம்” என்பார். அதில் அவர் பங்கு எது என்று பிரித்து எடுக்கவே எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஓசூரில் பஸ் ஏறி ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு போவேன். அவர் வீட்டுத் திண்ணையில் பழைய லாக் புத்தகங்களையும், அம்மோனியா வாசம் போகாத நீல வரைபடங்களையும் விரித்து வைத்து, தேதி வாரியாகக் கேட்டுக் கேட்டு எழுதினேன். “இந்த வால்வை யார் சார் தேர்ந்தெடுத்தது?” “நான்தான்.” “அப்போ அதை எழுதணும் சார்.” இப்படித்தான் போனது. அவர் வேலையை நேரில் பார்த்திருந்த மூத்த பொறியாளர்கள் சேலத்திலிருந்து ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். தகுதி கிடைத்தது. சான்றிதழைக் கையில் வாங்கியதும், தறி ஓட்டி அவரைப் படிக்க வைத்த அக்காவிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டினார்.

ஆகவே கேள்விக்கு என் பதில் இதுதான். இந்தத் தகுதியின் மதிப்பு, பின்னால் இருக்கும் வேலையையும் அதற்குச் சாட்சி சொல்பவர்களையும் பொறுத்தது. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தகுதியுள்ளவர்களுக்குப் பஞ்சம் இல்லை. அவர்களுக்காக உட்கார்ந்து எழுதத்தான் ஆள் இல்லை.

உலகச் சங்கங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐ.இ.இ.இ.யின் ஃபெல்லோவுக்கு நம்மை நாமே முன்மொழிய முடியாது. முதலில் சீனியர் மெம்பராக இருக்க வேண்டும், அதற்கே 10 வருடத் தொழில் அனுபவம் கேட்பார்கள். பிறகு இன்னொருவர் முன்மொழிய வேண்டும், ஏற்கெனவே ஃபெல்லோவாக இருப்பவர்கள் பரிந்துரைக்க வேண்டும். ஒரு வருடத்தில் தேர்வாகிறவர்கள், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, களத்தில் வேலை செய்யும் பொறியாளர்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. இந்திய நேஷனல் அகாடமி ஆஃப் இன்ஜினியரிங் 1987ல் தொடங்கியது. அங்கேயும் ஏற்கெனவே உள்ள ஃபெல்லோக்கள்தான் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னொருவர் கையில் இருப்பதால் இதில் அநியாயமும் நடந்திருக்கிறது. நோரா ஸ்டான்டன் பிளாட்ச் 1905ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் பட்டம் வாங்கிய பெண். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் அவரை ஜூனியர் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது, அடுத்த படிக்கு ஏற்ற மறுத்தது. 1916ல் வழக்குப் போட்டார், தோற்றார். 1971ல் இறந்தார். அதே சங்கம் 2015ல் அவருக்கு ஃபெல்லோ தகுதி கொடுத்தது, இறந்து 44 வருடம் கழித்து. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1943ல் பட்டம் பெற்ற அ. லலிதா, 18 வயதில் கைக்குழந்தையோடு இருந்தபோது கணவரை இழந்து, பிறகு மின் பொறியியல் படிக்க வந்தவர். லண்டன் மின் பொறியாளர் சங்கம் 1953ல் அவரை அசோசியேட் மெம்பராகவும், 1966ல் முழு மெம்பராகவும் ஏற்றது. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர் படம் இருக்கிறது.

வேலைக்கு உதவுமா என்றால், முதல் வேலைக்கு உதவாது. நடுவில் உதவும். இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் ‘சார்ட்டர்டு இன்ஜினியர்’ என்ற தொழில்தகுதிச் சான்று வாங்கலாம். ஓசூரில் கம்ப்யூட்டரால் இயங்கும் பழைய சி.என்.சி. மெஷின் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவர்களிடம், மெஷினின் மதிப்பும் வயதும் குறித்துச் சார்ட்டர்டு இன்ஜினியர் ஒருவர் தரும் சான்றிதழைக் கேட்பார்கள். ஓய்வுக்குப் பிறகு எங்கள் சீனியருக்கு அந்தச் சான்றிதழ் எழுதித் தருவது ஒரு நல்ல வேலையாகவே இருக்கிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ‘நீங்கள் ஃபெல்லோவாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள், இத்தனை டாலர் அனுப்புங்கள்’ என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். நாமோ நம்மை அறிந்தவரோ விண்ணப்பிக்காமல் எந்த ஒழுங்கான சங்கமும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. யார் பரிந்துரைத்தார்கள், எந்த வேலைக்காக என்று கேளுங்கள். பதில் வராது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, கல்லூரியில் மாணவர் கிளை இருந்தால் சேருங்கள், ஒரு நோட்டுப் போடுங்கள். செய்த புராஜெக்ட், போட்ட கணக்கு, தப்பாய்ப் போனது, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். உங்கள் பேராசிரியரிடமும் போய், அந்த எஃப்.ஐ.இ. எந்த வேலைக்காகக் கிடைத்தது என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார். அதையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.