ஓபராவும் சொல்லும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஓபரா பாடல்களை யூடியூபில் கேட்டேன். குரல் பிரமாதம். ஆனால் இத்தாலி மொழி தெரிந்த என் நண்பருக்கே பாதிதான் புரிகிறதாம். சொல்லே காதில் விழாத ஒன்றை நாடகம் என்று எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாடியே நடிக்கும் நாடகமான ஓபரா பிறந்ததே சொல் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில், பார்தி பிரபுவின் வீட்டில் கூடிப் பேசியவர்களுக்கு உங்கள் மனக்குறையேதான் இருந்தது. அன்றைய பாட்டில் நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில் வேறுவேறு வழியில் போகும், ஒருவர் முடிக்கும் சொல்லை இன்னொருவர் அப்போதுதான் தொடங்குவார், கவிதை நடுவில் காணாமல் போய்விடும். இதைக் கடுமையாகத் தாக்கி 1581-இல் ஒரு நூலே எழுதினார் வின்சென்சோ கலிலேய், விஞ்ஞானி கலிலியோவின் அப்பா. கிரேக்கர்கள் நாடகத்தைப் பாடியே நடித்தார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, இசையமைப்பாளர் யாகோபோ பெரி பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு நடையைப் பிடித்தார்: கீழே ஒரு சுரம் நீண்டு நிற்கும், மேலே ஒற்றைக் குரல் பேசும் வேகத்தில் நகரும். அவருடைய ‘தாஃப்னே’ என்ற ஓபராவின் இசை பெரும்பாலும் அழிந்துவிட்டது. 1600-இல் ஓர் அரச திருமணத்துக்காக மேடையேறிய ‘யூரிடிசே’தான் இன்று முழுதாகக் கிடைக்கும் முதல் ஓபரா.

ஆனால் எனக்கு எல்லாம் மொன்டெவெர்தி என்ற இசையமைப்பாளர்தான். 1607-இல் இத்தாலியின் மாந்துவா நகரில் அரங்கேறிய அவருடைய ‘ஓர்ஃபேயோ’ ஓபராவின் இரண்டாம் அங்கத்தைக் கேளுங்கள். ஆட்டமும் பாட்டுமாக இருக்கும் இடத்துக்கு ஒரு தூதுப்பெண் வந்து, கதாநாயகன் ஓர்ஃபேயோவிடம் உன் மனைவி இறந்துவிட்டாள் என்கிறாள். ஓர்ஃபேயோ ‘ஐயோ’ என்று ஒரே ஒரு சொல்லைப் பாடிவிட்டு வாயடைத்துப் போகிறான். மற்றவர்கள்தான் பேசுகிறார்கள், அவனுக்கு வார்த்தை வர நெடுநேரமாகிறது. அடுத்த அங்கத்தில் மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போகும் அவன், அங்குள்ள நதியின் படகோட்டியிடம் கெஞ்சும் பாட்டில் சங்கதிகள் கொட்டுகின்றன, அச்சுப் பிரதியில் அதே பாட்டு வெறும் மெட்டாக ஒரு வரியிலும் சங்கதிகளோடு இன்னொரு வரியிலும் இருக்கிறது. இவ்வளவு வித்தைக்கும் படகோட்டி இரங்கவில்லை என்பதை மொன்டெவெர்தி தெரிந்தேதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 1637-இல் வெனிஸில் சான் கசியானோ அரங்கம் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் திறந்தது. அரண்மனை விருந்தாளிகளின் இடத்தில் டிக்கெட் வாங்கிய கூட்டம், கூட்டத்தை இழுக்கும் பாடகர்கள், அவர்களுடைய குரலைக் காட்டத் தனிப்பாடல்கள். நீங்கள் கேட்டது இந்த வழியில் வந்ததாக இருக்கும். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை, மொன்டெவெர்தியின் ‘பொப்பேயா’ ஓபராவும் அந்த வெனிஸில் பிறந்ததுதானே. ஆனால் உங்களுக்கு வேண்டியது சொல் என்றால் தூதுப்பெண் காட்சியில் தொடங்குங்கள், வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு.